குடைக்கம்பியும் ஏழு லீவர் பூட்டும்

எனக்குத் தையல் வராது. பின்னல் ஊசியைப் பிடித்தால் கை வியர்க்கும். எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்த டீச்சர்மாரெல்லாம் மேசைவிரிப்பில் ரோஜாப்பூ தைத்துக்கொண்டிருந்த எழுபதுகளில், நான் சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தப் பொழுதுபோக்கில் இருந்த ஒரே குறை, அதை யாரிடமும் பெருமையாகக் காட்டிக்கொள்ள முடியாது என்பதுதான். ரோஜாப்பூவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். திறந்த பூட்டை எங்கே மாட்டுவது?

தொடங்கிவைத்தவர் எங்கள் பெரிய மாஸ்டர். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒற்றை மண்டபப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், ஓர் அலுமாரி. வெண்கட்டி, வரவு எழுதுகிற இடாப்பு, உலகப்படம் எல்லாம் அலுமாரிக்குள். சாவி பெரிய மாஸ்டரின் காற்சட்டைப் பைக்குள். அவர் வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஹட்டனில் இருந்த வீட்டுக்குப் போவார். மழையும் பாதையும் அவருடைய உடம்பும் ஒத்துழைத்தால் செவ்வாய்க்கிழமை திரும்பி வருவார். திங்கட்கிழமைகளில் வெண்கட்டி இல்லாமல் நான் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டேன். சுவரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு அவரே எனக்கு எழுத்தில் ஒரு கடிதம் தந்தார், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையில்.

அடுத்த திங்கட்கிழமை தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கழற்றி அலுமாரிப் பூட்டுக்குள் விட்டேன். மூன்றாவது திங்கட்கிழமை அது திறந்தது. உள்ளே ஒரு பெட்டி வெண்கட்டியும், பூச்சி தின்ற உலகப்படமும், மாஸ்டரின் பழைய செருப்பும் இருந்தன. இவ்வளவையும் காப்பாற்றவா இத்தனை பாடு என்று தோன்றியது. ஆனால் திறந்தபோது விரல் நுனியில் வந்த அந்தச் சின்ன அசைவு எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு வெண்கட்டியில் பாடம் எழுதினேன், பின்னேரம் அதே ஊசியால் பூட்டியும் வைத்தேன். பெரிய மாஸ்டர் ஓய்வு பெறும்வரை வெண்கட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்.

என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு பொகவந்தலாவை பசாரில் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன். கொண்டை ஊசி அதற்குள் போய் வளைந்து, புழுவாய்ச் சுருண்டு வெளியே வந்தது. அலுமாரியில் இருந்தது பூட்டே இல்லை, பூட்டு மாதிரி ஒரு சாமான் என்பது அப்போதுதான் புரிந்தது. ரோசம் வந்து இன்னொரு பூட்டு வாங்கினேன். அதைத் தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிட்டரிடம் கொடுத்து ஒரு பக்கத்தை அறுத்துத் தரச் சொன்னேன். அவர் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. இத ஏன் டீச்சர் கொல்லச் சொல்றீங்க?"

"விஞ்ஞானப் பாடத்துக்குங்க," என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்று ஒரு பாடமே கிடையாது. அவர் அறுத்துத் தந்தார்.

உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து பித்தளைத் தகடுகள். பசாரில் அவற்றை லீவர் என்பார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகராது. ஐந்தும் ஒத்துவரும்வரை இன்னொரு கம்பியால் மெதுவாகத் திருப்பம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவாக என்பதுதான் பெரிய பாடம். எனக்கோ முன்கோபம். முதல் மாதத்தில் நான் பூட்டைத் திறந்ததைவிட ஏசியது அதிகம்.

அந்த வருடத்தில் மட்டும் அதே கடையில் நான்கு பூட்டு வாங்கியிருப்பேன். கலியாணமாகாத டீச்சர், அப்பா தவறிப்போய்க் குவாட்டர்ஸில் அம்மாவும் மகளும் மட்டும், பூட்டு மேல் பூட்டாக வாங்குகிறாள் என்றால் பசார் என்ன நினைக்கும்? உள்ளே நகை இருக்கிறது என்று நினைத்தது. கடைக்காரர் வாயிலிருந்து கதை கோயிலுக்கும் சர்ச்சுக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. அதுவரை எங்கள் வாசலை மிதிக்காத தரகர்கள் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா பூரித்துப்போய்த் தேத்தண்ணீர் ஊற்றினாள். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் மறந்துவிட்டுப் போன குடைதான் எனக்கு அந்தக் கலியாணப் பேச்சுகளில் மிஞ்சிய சீதனம்.

ஆனால் அது உருப்படியான சீதனம். கருவி விஷயத்தில் அதுவரை நான் படாத பாடு பட்டிருந்தேன். கொண்டை ஊசி வளையும். தையல் மெஷின் ஊசி வளையாது, முறிந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சைக்கிள் கம்பி தடிப்பு, சாவித்துவாரத்துக்குள் இரண்டு கம்பிக்கு இடம் இருக்காது. குடைக்கம்பி இருக்கிறதே, அது வளைந்தாலும் திரும்பி நிமிரும், அரத்தால் தேய்த்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. பசார் முனையில் குடை திருத்துகிறவரிடம் போய்க் கழித்துப்போட்ட கம்பிகளைப் பொறுக்குவேன். புதுக் குடைகளின் கம்பி வெறும் தகரம், பழைய கறுப்புக் குடைகளில்தான் நல்ல உருக்கு. ஒரு நாள் நுனியைச் சுலபமாக வளைக்கலாம் என்று கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினேன். அருமையாக வளைந்தது, பிறகு எதற்கும் நிமிரவே இல்லை. நெருப்புக் காட்டினால் உருக்கின் முறுக்குப் போய்விடும் என்பதை ஆறு கம்பிகளைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். திருப்பம் கொடுக்கிற கம்பிக்குத் தேயிலைப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டுகிற இரும்புப் பட்டை போதும். ஸ்டோர் வாசலில் சும்மாவே கிடக்கும்.

இப்படி எல்லாம் கைவந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. தோட்டத்தில் திறப்பதற்குப் பூட்டே இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கதவுகளில் பூட்டுத் தொங்கும், உண்மை. ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடும்போது வீட்டுச் சாவியையும் அங்கே இருக்கிற ஆயாவிடம் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவார்கள். சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கொரு சாவி. யாருக்கு எது வேண்டுமோ, பக்கத்து வீட்டுக்காரி வந்து எடுத்துக்கொண்டு போய்த் திறந்து உப்போ நெருப்போ எடுத்துக்கொண்டு திரும்ப மாட்டிவிடுவாள். இவர்கள் நடுவில் நான் குடைக்கம்பியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேலை வந்தது தகரப் பெட்டிகளால். இலங்கையும் இந்தியாவும் எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வரத் தொடங்கிய வருடங்கள் அவை. பாஸ்போர்ட் வந்த வீட்டுக்கெல்லாம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பூட்டும் வந்தது. மூன்று தலைமுறையாக இந்த மலையில் கிடந்தவர்களுக்குப் பூட்டிவைக்க வேண்டிய சாமான் என்று ஒன்று கிடைத்தது, இந்த மலையை விட்டுப் போகும்போதுதான். பழக்கமில்லாத சாவி, எல்லாரும் தொலைத்தார்கள். தொலைத்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தார்கள். நான் போய்த் திறந்து கொடுத்தேன். "பொட்டப் புள்ளைக்கு இது களவாணி வேல," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சர்ச்சில் காணிக்கைப் பெட்டியின் சாவி தொலைந்தபோது பாதிரியாரும் என்னைத்தான் கூப்பிட்டார். திறந்து கொடுத்த அடுத்த ஞாயிறு, திருடர்களைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்தார்.

எங்களுக்குப் பால் தருகிறவள் லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுக்கிறவள், ஒரு மாடு வைத்திருந்தாள், இரண்டு பிள்ளைகள். பாலை ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் காலையில் செம்பை நீட்டாமல் நின்றாள்.

"டீச்சர், ஒங்களுக்குப் பூட்டுத் தொறக்க வருமாமுல்ல?"

"சாவி தொலஞ்சிருச்சா?"

"தொலையலீங்க. எங்க வீட்டுக்காரரு அரணாக்கயித்துல தொங்குது."

மெதுவாகத்தான் சொன்னாள். அவர்களுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. புருஷன் போயே தீருவேன் என்கிறான். இனக்கலவரத்தில் அவன் அண்ணன் இருந்த லயத்தைக் கொளுத்தியதிலிருந்து அவனுக்கு இங்கே தூக்கம் இல்லை. அவளுக்கோ தாயும் தம்பிமாரும் கொத்மலைப் பக்கத் தோட்டத்தில், அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவளைப் பிரித்து அனுப்பினால் இனிப் பார்க்கவே முடியாது.

"பத்து வருசத்துக்கு முந்தி எழுதிக் குடுத்தோமே, அது எந்த நாட்டுக்குன்னு எங்க யாருக்கும் தெரியாதுங்க. மாமாதான் ரேக வச்சாரு. அவரும் செத்துட்டாரு. நகலு ஒண்ணு பொட்டிக்குள்ள இருக்கு. இங்கயே இருக்கணும்னு எழுதியிருந்தா மனுக் குடுத்துப் பாக்கலாம்னு யூனியன் தலைவரு சொல்றாரு."

"ஒங்க வீட்டுக்காரர்கிட்டயே எடுத்துக் காட்டச் சொல்றது?"

"காட்ட மாட்டாருங்க. பாஸ்போர்ட்டக் கிழிச்சுப்புடுவேன்னு பயப்படுறாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிழிப்பேன்தான்," என்றாள்.

பாஸ்போர்ட்டே வந்துவிட்டதென்றால் எழுதிக் கொடுத்தது எதுவென்று தெரிந்த விஷயம்தானே என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அலுவலகங்கள் ஆளை மாற்றி, நாட்டை மாற்றிப் போட்ட கதை அப்போது ஒவ்வொரு லயத்திலும் ஒன்றிரண்டாவது இருந்தது. அவளுடைய நம்பிக்கைக்கு அந்தக் கதைகள் போதும். எனக்கு அந்த யோசனையெல்லாம் வரவில்லை. ஒருத்தி தாயை விட்டுக் கடல் தாண்டுவதா வேண்டாமா என்று வந்து நிற்கிறாள், நான் அவளிடம் கேட்ட அடுத்த கேள்வி இது:

"எத்தன லீவர் பூட்டு?"

ஏழு. நான் அதுவரை ஆறுக்கு மேல் தொட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவன் டிக்கட் விஷயமாக ஹட்டனுக்குப் போன ஒரு சனிக்கிழமை பகலில் போனேன். அவள் காய்ச்சல் என்று சொல்லிப் பெரட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். பச்சை வர்ணமடித்த பெட்டி, புதுப் பூட்டு. நான்கு குடைக்கம்பிகளையும் இரண்டு பட்டைகளையும் கைக்குட்டையில் வரிசையாக வைத்தேன், டாக்டர் மாதிரி. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே தகடு அசைகிற சத்தம் ஒன்றும் கேட்காது, விரலை மட்டும் நம்ப வேண்டும். முதல் கம்பி நீளம் போதவில்லை. இரண்டாவது ஐந்தாம் தகட்டில் வழுக்கியது. அவள் கதவோரம் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கம்பியின் நுனியை அவள் வீட்டு அம்மிக்கல்லில் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அரை மணி நேரமாவது போயிருக்கும். பட்டை என் பெருவிரலுக்குக் கீழே நெல்லளவு நகர்ந்தது, பூட்டு வாயைத் திறந்தது.

"பாத்தியா!" என்று கத்தியேவிட்டேன். அவள் பூட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு சேலைக்கும் ஒரு கம்பளிக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட். அதன் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள். அவள் பாஸ்போர்ட்டைத் தொடவே இல்லை. தாளை எடுத்து என் கையில் தந்தாள்.

"வாசிங்க டீச்சர்."

கார்பன் பிரதி. வெறும் தாளில் எடுத்ததால் அச்சடித்த கேள்விகள் ஒன்றும் அதில் இல்லை, நிரப்பிய பதில்கள் மட்டும் ஊதா நிறத்தில் அங்கங்கே நின்றன. மாமனாரின் பெயர், புருஷனின் பெயர், கடைசியில் இவள் பெயர். மேலே, எது எதுவென்று பிறகு தெரிய வேண்டும் என்ற அக்கறையில், ஆங்கிலத்தில் அழகாகச் சாய்த்து ஒரு தலைப்பு: இந்தியப் பிரஜாவுரிமை, நகல். 'இ'க்கு வரும் ஆங்கில எழுத்தின் இரண்டு முனையிலும் ஒரு சின்னச் சுழிப்பு. அந்தச் சுழிப்பு என்னுடையது.

மறந்துவிட்டேன் என்று எழுதுவது எளிது, ஆனால் மறந்துதான் போயிருந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. பள்ளி விடுமுறை. இதே தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்ப நல்ல கையெழுத்துள்ள பிள்ளை வேண்டுமென்று கணக்கப்பிள்ளை வந்து கேட்க, அப்பா என்னை அனுப்பிவைத்தார். பிள்ளைக் காம்பரா வாசலில் மேசை. மேசையில் இரண்டு கட்டுத் தாள்கள், ஒன்று இங்கேயே இருப்பதற்கு, ஒன்று போவதற்கு. முதலில் வந்தவருக்குத் திருச்சிப் பக்கம் மருமகன் இருந்தார், அவர் இந்தியா என்றார். அடுத்து வந்தவர் கேட்டார், "முன்னால போனவரு எதுக்கும்மா எழுதுனாரு?" சொன்னேன். "அப்ப நமக்கும் அதையே எழுதிரு. லயத்தோட இருந்துக்குவோம்." அதற்கடுத்து வந்தவர்கள் எந்த நாடென்றுகூடக் கேட்கவில்லை, முன்னால் போனவருக்கு எழுதியதையே எழுதச் சொன்னார்கள். லயத்தோடு இருப்பதற்காக ஒரு லயமே நாட்டை விட்டுப் போக எழுதிக் கொடுத்தது. இங்கேயே இருப்பதற்கான கட்டை அன்றைக்குப் பிரிக்கக்கூடத் தேவைப்படவில்லை. நான் யாரையும் நிறுத்தி, இது விளையாட்டில்லை, வீட்டில் பெண்களிடமும் கேட்டீர்களா என்று கேட்கவில்லை. இத்தனை சீக்கிரம் முடிக்கிறேனே என்று கணக்கப்பிள்ளை மெச்சிக்கொண்டதில் குளிர்ந்துபோயிருந்தேன். கார்பன் தாள் வைத்து நகல் எடுக்கலாம் என்பதும் என் யோசனைதான், யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு விண்ணப்பத்தை நிரப்ப மட்டும் அப்பா இரண்டு நாள் யோசித்தார், பெரிய மனிதர்கள் நாலு பேரைக் கேட்டார், பிறகுதான் இலங்கை என்று எழுதச் சொன்னார். அதையும் அதே பேனாவால்தான் எழுதினேன்.

"இந்தியாவுங்களா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சேலைகளை மடித்துப் பழையபடி அடுக்கத் தொடங்கினாள். இதை மறைத்துவிட்டு அந்த வீட்டுப் படி இறங்க முடியாது என்று தோன்றியது.

"இத எழுதுனது..." என்று தொடங்கினேன்.

"நீங்கதாங்க. தெரியும். அன்னைக்கு மாமாவுக்குப் பின்னாலதான் நின்னேன். புதுசா கட்டிக்கிட்டு வந்த நேரம். ரெண்டு சடை போட்டு நீலக் கவுன் போட்டிருந்தீங்க." சேலை மேல் கம்பளியை வைத்துத் தட்டினாள். "அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன். வேற ஆளு வாசிச்சா நம்பிக்க வராது பாருங்க."

பூட்டுக்காக என்னைத் தேடி வந்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேற தாள்ல நான் மாத்தி எழுதித் தரவா?" என்று கேட்டேன். முப்பது வயதை நெருங்கிய, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பாடம் நடத்துகிற ஒருத்தி கேட்ட கேள்வி.

"கச்சேரி ஆபீசுல இருக்கறது மாறுங்களா?" என்று சிரித்தாள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். "பூட்டிருங்க டீச்சர், அவரு வந்துருவாரு."

பூட்டிவிட்டு வந்து, கம்பிகளை எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன். குடைக்கம்பி எரியாது என்பது போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சாம்பல் அள்ளும்போது அம்மா எடுத்து வெளியே எறிந்தாள். அதற்குப் பிறகு சாவி தொலைத்து வந்தவர்களிடம் கை வலி என்று சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர்கள் புறப்பட்டார்கள். அவள் மாட்டை விற்றுவிட்டாள், கொத்மலைக்குப் போய்த் தாயோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். புறப்படுகிற நாள் காலையில் லயத்து ஆட்கள் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள், மீதிப் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். பச்சைப் பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். புருஷன் கயிறு தேடிக்கொண்டிருந்தான். அவள் என்னைக் கண்டதும் ஒரு சின்ன டின்னில் வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் கொண்டுவந்து தந்தாள். பெட்டியின் மூடியில் பெயரும், அவள் கண்ணால் கண்டிராத ஓர் ஊரின் முகவரியும் எழுத வேண்டும்.

"யாராவது பெயின்டர்..." என்றேன்.

"வேணாங்க. நீங்களே இங்கிலீசுல எழுதுங்க டீச்சர்," என்றாள். "நீங்க எழுதுனா தப்பாம போய்ச் சேந்துரும்."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை, உண்மையாகவே அதை நம்பித்தான் சொன்னாள். மண்டியிட்டு உட்கார்ந்து, ஓர் எழுத்துக்கூடக் கோணாமல் எழுதிக் கொடுத்தேன்.